செஞ்சிக் கோட்டையும் பத்து நொடி கவுன்ட்டர் அட்டாக்கும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. கொஞ்சம் ஃபுட்பால், மீதி வரலாறு. ஃபுட்பால் பிடிக்காதவங்க நடுவுலேர்ந்து ஆரம்பிக்கலாம். ரெண்டுமே பிடிக்காதவங்க ஒரு டீ குடிச்சுட்டு வாங்க :-)

போன மாசம் எங்க பசங்க 5-1ன்னு தோத்தாங்க. அந்த ஒரு கோலும் எதிராளி டிஃபெண்டர் தன் கோலுக்குள்ளயே தட்டிவிட்டது. ஆக, நாங்க அடிச்சது சைபர்.

"எங்க பசங்க" யாருன்னு சொல்லிடறேன். சென்னையில பொட்டி தட்டுற ஆசாமி நான், சொந்த ஊர் செஞ்சி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவேன். அங்க ஸ்கூல் படிக்கிற பசங்க ஒரு பதினெட்டு பேருக்கு சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயித்துக்கிழமை காலையிலும் ஃபுட்பால் சொல்லிக் குடுக்கறேன். காலேஜ் டீம்ல ரைட் பேக் ஆடினேன்ங்கறது தவிர எனக்கு வேற தகுதி எதுவும் கிடையாது. அந்தப் பசங்களுக்கும் வேற கோச் கிடையாது. கணக்கு சரியாப் போச்சு.

தோத்ததுக்குக் காரணம் உடம்பு இல்லை. எங்க பசங்க ஒல்லி, ஆனா ஓட்டம்னா ஓட்டம். எதிராளிக்கிட்டேர்ந்து பந்தைப் பல தடவை பறிச்சாங்க. பறிச்ச உடனே என்ன பண்ணாங்கன்னா, நின்னாங்க. பந்து கிடைச்ச சந்தோஷத்துல நின்னு, அப்படியே ஒரு தடவை கோட்டையைப் பார்த்து, பக்கத்துல இருக்கறவனுக்கு ஒரு தட்டு, அவன் இன்னொருத்தனுக்கு ஒரு தட்டு. அதுக்குள்ள எதிராளிங்க எல்லாம் திரும்பி வந்து சுவரு மாதிரி நின்னாச்சு. அப்புறம் எங்க போறது?

அதனால ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிக் குடுக்கலாம்னு முடிவு பண்ணேன். கவுன்ட்டர் அட்டாக். எதிராளி நம்மளை அடிக்க ஆள் எல்லாத்தையும் முன்னாடி கொண்டு வந்திருப்பான். அந்த நேரத்துல அவன் முதுகுக்குப் பின்னாடி காலி நிலம் கிடக்கும். பந்து நம்ம காலுக்கு வந்த கணத்துலேர்ந்து ஒரு எட்டு, பத்து நொடி வரைக்கும்தான் அந்த நிலம் காலியா இருக்கும். அதுக்குள்ள போயிடணும்.

பசங்களுக்கு நான் காமிச்ச வீடியோ 2018 உலகக் கோப்பை, ரோஸ்டோவ் நகரத்துல நடந்த பெல்ஜியம்-ஜப்பான் மேட்ச். ஜப்பான் 2-0ன்னு முன்னாடி இருந்து, அப்புறம் 2-2. ஆட்டம் முடிய சில நொடிதான் பாக்கி. ஜப்பானுக்கு ஒரு கார்னர். ஹோண்டா அடிச்ச பந்தை பெல்ஜியம் கோல்கீப்பர் கூர்த்வா கையில புடிச்சார். புடிச்ச மறு நொடி டி ப்ரய்னாவுக்கு உருட்டி விட்டார். அவர் நடு மைதானம் முழுக்க பந்தோட ஓடி, வலப்பக்கம் மூனியேவுக்குக் குடுக்க, அவர் குறுக்கால தள்ள, லுக்காக்கு பந்தைத் தொடாமலே விட்டுட, பின்னாடி ஓடி வந்த ஷாட்லி உள்ளே தட்டிட்டார். கீப்பர் கைக்கு வந்ததுலேர்ந்து வலைக்குள்ள போற வரைக்கும் சுமார் பத்து நொடி. ஜப்பான்காரங்க புல்லுல விழுந்து அழுதாங்க.

இதுல லுக்காக்கு பண்ணதைத்தான் பசங்களுக்கு நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டேன். முதல்ல அவர் ஓடின ஓட்டமே ஒரு டிஃபெண்டரை உள்ளே இழுத்துட்டு வந்து மூனியேவுக்கு வழி விட்டுச்சு. கடைசியில பந்தைத் தொடவே இல்லை. கோல் போடாம கோல் போட்டவர்.

மைதானத்துல பயிற்சி ரொம்ப சிம்பிள். பாதி மைதானம்தான். ஆறு பேர் அட்டாக், அஞ்சு பேர் டிஃபென்ஸ். டிஃபென்ஸ்காரன் பந்தைப் பறிச்ச உடனே நான் ஒண்ணு, ரெண்டுன்னு கத்தி எண்ண ஆரம்பிப்பேன். பத்துக்குள்ள ஹாஃப் லைன்ல வெச்சிருக்கற சின்ன கோலுக்குள்ள பந்து போகணும். இல்லைன்னா விசில், பந்து திரும்ப அட்டாக்குக்கு. முதல் நாள் என்னாச்சு? பறிச்ச உடனே அஞ்சு பேரும் பந்து பின்னாடியே கொத்தா ஓடினாங்க, தேன் கூட்டைக் கலைச்ச மாதிரி. அப்புறம் ஒவ்வொண்ணா சேர்த்தேன். பறிச்ச முதல் தொடல் கூட்டத்தை விட்டு வெளியே இருக்கணும். முதல் பாஸ் முன்னாடி பார்த்துப் போகணும், முடியலைன்னாதான் பக்கத்துல. ரெண்டு பேர் கோட்டோரமா அகலமா ஓடணும். ஒருத்தன், எவ்வளவு ஆசையா இருந்தாலும், பின்னாடியே நிக்கணும். இந்தக் கடைசி ஒண்ணுதான் யாருக்கும் பிடிக்கலை.

அப்போ எங்க கோல்கீப்பர் பையன் ஒரு கேள்வி கேட்டான். கை நீட்டி ராஜகிரியைக் காமிச்சு, "ஏண்ணா, கோட்டைக்குள்ள இருக்கறவன் டிஃபென்ஸ்தானே? அவன் எப்பிடிண்ணா கவுன்ட்டர் அட்டாக் பண்ணுவான்? கதவைத் தொறந்தா செத்தான்ல?"

"ஏன், தேசிங்கு ராஜா பண்ணலையா"ன்னு ஆரம்பிச்சேன். ரெண்டு வாக்கியம் பேசறதுக்குள்ள நான் சொல்றது தப்பான உதாரணம்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. அன்னிக்கு ராத்திரி வீட்டுல இருந்த சீனிவாசாச்சாரி புஸ்தகத்தை எடுத்தேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943ல போட்ட செஞ்சி வரலாறு. தாத்தா வாங்கி வெச்சது. செல்லரிச்ச பக்கங்களுக்கு நடுவுல பையனோட கேள்விக்குப் பதில் இருந்துச்சு. அந்தப் பதில் பேர் சந்தாஜி கோர்படே. செஞ்சியில பொறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பேரு சரியாத் தெரியாது. உங்களுக்கு?

கதை 1689ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் மார்ச் மாசம் சிவாஜியோட மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்னுட்டார். தலைநகர் ராய்கட்டை முகலாயப் படை முற்றுகை போட்டுச்சு. சம்பாஜியோட தம்பி ராஜாராம் அங்கேர்ந்து தப்பிச்சு, கொஞ்ச பேரோட மாறுவேஷத்துல தெற்கே கிளம்பினார். வழியில கெளதி ராணி சென்னம்மா உதவி பண்ணாங்க. பெங்களூர், வேலூர் வழியா அந்த வருஷக் கடைசியில வந்து சேர்ந்த இடம் நம்ம செஞ்சி. மராட்டிய ராஜ்ஜியத்தோட தலைநகரம் திடீர்னு திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவுல வந்துருச்சு!

ஏன் செஞ்சி? 1677லயே சிவாஜி இந்தக் கோட்டையை பீஜப்பூர்க்காரங்க கிட்டேர்ந்து வாங்கி, சும்மா விடாம, நிறைய இடிச்சு நிறைய கட்டினார். வடக்கே எல்லாம் போனாலும் தெற்கே ஒரு கால் வைக்க இடம் வேணும்னு நினைச்சிருப்பார் போல. பேக்கப் சர்வர்னு வெச்சுக்குங்க. மெயின் சர்வர் விழுந்தப்போ இதுதான் தாங்குச்சு.

கோட்டையைப் பார்க்காதவங்களுக்காக. ஒரு மலை இல்லை, மூணு மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி (பழைய புஸ்தகங்கள்ல சந்திராயன் துர்க்கம்). மூணையும் சேர்த்து முக்கோணமா சுவர், மொத்தம் பன்னிரண்டு, பதிமூணு கிலோமீட்டர் நீளம். திருவண்ணாமலை ரோடு இப்போ அதுக்கு ஊடாலதான் போவுது. ராஜகிரி மட்டும் எண்ணூறு அடி உசரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்து ஒரு பள்ளம் இருக்கும், அதுக்கு மேல சின்னப் பாலம். பாலத்தை எடுத்துட்டா நாலு பேர் நின்னு ஒரு படையைத் தடுக்கலாம். உச்சியிலயே தண்ணி உண்டு, தானியக் களஞ்சியமும் உண்டு. ஒரு மலை போனாலும் மத்த ரெண்டு மலையிலேர்ந்து சண்டை போடலாம்.

1690 செப்டம்பர்ல ஔரங்கசீப்போட தளபதி ஜுல்பிகார் கான் வந்து முற்றுகை போட்டார். ராய்கட்டைப் புடிச்சவர் இவர்தான். வந்த வேகத்துல முடிச்சுடலாம்னுதான் வந்திருப்பார். ஆனா பதிமூணு கிலோமீட்டர் சுவரைச் சுத்தி வளைக்கற அளவு ஆள் அவர்கிட்ட இல்லை. அப்படிப் பார்த்தா யார்கிட்டயும் இருக்காது. ஒரு பக்கம் முற்றுகை, இன்னொரு பக்கம் உள்ளே அரிசி மூட்டை போயிக்கிட்டே இருந்துச்சு. மெட்ராஸ் இங்கிலீஷ்காரங்ககிட்ட வெடிமருந்து கேட்டார். அடுத்த வருஷம் அவரோட அப்பா, முகலாய வஜீர் ஆசாத் கான் வந்தார். கூடவே ஔரங்கசீப்போட கடைசி மகன் காம்பக்ஷ். ஆள் கூடக் கூட சாப்பாட்டுத் தட்டுப்பாடும் கூடிச்சு. ப்ராஜெக்ட் லேட் ஆனா மேனேஜரை அனுப்பறது, அப்பவும் முடியலைன்னா மேனேஜருக்கு ஒரு மேனேஜரை அனுப்பறது. முன்னூறு வருஷமா மாறவே இல்லை.

உள்ளே ராஜாராம் கிட்ட பணம் இல்லை. அதனால என்ன பண்ணார்னா, வித்தார். கடலூர் பக்கத்துல இருக்கற தேவனாம்பட்டினம் கோட்டையை 1690ல இங்கிலீஷ் கம்பெனி வாங்கினது இவர்கிட்டேர்ந்துதான். அப்போ மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல். (ஆமா, அமெரிக்காவுல இருக்கற அதே யேல் பல்கலைக்கழகத்துப் பேருக்குச் சொந்தக்காரர்.) கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா குண்டு எங்க விழுதோ அது வரைக்கும் நிலம் அவங்களுக்குன்னு ஒப்பந்தம். சுட்டுப் பார்த்தே எல்லை குறிச்சாங்க. அப்படி விழுந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமம்'னே பேரு. கடலூர்க்கார நண்பர்கள் யாராச்சும் அந்த ஊர்களைப் பத்தி ஒரு தனிப் பதிவு போடுங்கப்பா. செஞ்சியைக் காப்பாத்த வித்த நிலம்தான் பின்னாடி செயின்ட் டேவிட் கோட்டையாகி, இங்கிலீஷ்காரங்க இந்தப் பக்கம் கால் ஊன வழியாச்சு. படிக்கும்போது வயித்தை என்னமோ பண்ணுது.

சரி, கவுன்ட்டர் அட்டாக்குக்கு வருவோம்.

பையன் கேட்டது சரியான கேள்வி. கதவைத் திறந்தா செத்தான். அதனால அவங்க கதவு வழியா வரலை. ராஜாராம் செஞ்சிக்கு வந்ததும் முகலாயப் படையில ஒரு பெரிய துண்டு அவர் பின்னாடியே தெற்கே வந்துருச்சு. நம்ம பாஷையில, எதிராளி ஆளை எல்லாம் முன்னாடி கொண்டு வந்தாச்சு. அவன் பின்னாடி காலி நிலம் எது? முழு மகாராஷ்டிரமும், அங்கேர்ந்து செஞ்சி வரைக்கும் நீளுற தானிய வழியும். அங்க ராமச்சந்திர பந்த்னு ஒரு அமைச்சர் சத்தமில்லாம ஆள் சேர்த்துக்கிட்டு இருந்தார். 1692 டிசம்பர்ல ரெண்டு தளபதிகள் பெரிய குதிரைப் படையோட கர்நாடகச் சமவெளிக்குள்ள நுழைஞ்சாங்க. அப்போ நம்ம ஆற்காடு, காஞ்சிபுரம் பக்கத்துக்கு எல்லாம் கர்நாடகம்னுதான் பேரு. ஒருத்தர் சந்தாஜி கோர்படே, இன்னொருத்தர் தனாஜி ஜாதவ்.

கவனிங்க, ரெண்டு பேரும் நேரா செஞ்சிக்கு வரலை. சந்தாஜி காஞ்சிபுரம் பக்கம் போனார். முகலாயப் படைக்குச் சாப்பாடும் ஆளும் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வரணும். அங்க பௌஜ்தாரா இருந்த அலி மர்தான் கான் வந்திருக்கறது எவ்வளவு பெரிய படைன்னு தெரியாம எதிர்க்க வந்தார், புடிபட்டார். அவரை செஞ்சிக்கே கொண்டு போய் வெச்சு, பெரிய தொகை வாங்கிட்டுதான் விட்டாங்க. அதே சமயத்துல தனாஜி செஞ்சி மேலேயே பாய்ஞ்சார். கோட்டையைச் சுத்தி முகலாயர்கள் அங்கங்க தனித்தனி காவல் முகாமா பரவிக் கிடந்தாங்க. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் தூரம் அதிகம். எல்லாரும் நடு முகாமுக்கு வாங்கன்னு உத்தரவு போறதுக்குள்ள, தூரத்துல இருந்த இஸ்மாயில் கான் மக்கா மாட்டிக்கிட்டார். காயத்தோட சிறை. ஓரத்துல தனியா நிக்கற டிஃபெண்டரைத்தான் முதல்ல அடிப்பாங்க!

முற்றுகை போட வந்தவங்க முற்றுகைக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. தபால் நின்னு போச்சு. ஔரங்கசீப் செத்துட்டார்னு வதந்தி. காம்பக்ஷ் ஏற்கனவே ராஜாராமோட ரகசியமா பேசிக்கிட்டு இருந்தார், அப்பா செத்தா தனக்கு ஒரு வழி வேணுமேன்னு. அது தெரிஞ்சதும் ஆசாத் கானும் ஜுல்பிகாரும் சக்கரவர்த்தி மகனையே கைது பண்ணி வெச்சுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, எதிரி சுத்தி நிக்கறான், அந்த நேரத்துல இந்தக் கூத்து. பெரிய பீரங்கிகளை இழுத்துக்கிட்டு ஓட முடியாது, அதனால சிலதை அவங்களே பாழாக்கிட்டு விட்டுட்டாங்க.

அப்புறம் பசி. ஜுல்பிகார் தானியம் கொண்டு வர வந்தவாசிக்குப் போனார். திரும்பி வரும்போது 1693 ஜனவரி முதல் வாரத்துல தேசூர்ல மராட்டியர்கள் மடக்கினாங்க. தேசூர் எங்க அத்தை ஊருக்குப் பக்கம். நூறு தடவை பஸ்ல போயிருக்கேன், ஒரு சண்டை நடந்த ஊர்னு யாரும் சொன்னதில்லை. அன்னிக்கு முகலாயப் படை தப்பிச்சதுக்குக் காரணம் தல்பத் ராவ்னு ஒரு பந்தேலா ராஜபுத்திரர். அவர்கிட்ட எழுத்தரா இருந்த பீம்சேன் இந்தக் கதை எல்லாத்தையும் பாரசீகத்துல எழுதி வெச்சதாலதான் இவ்வளவு விவரம் நமக்குக் கிடைக்குது. அந்த மாசக் கடைசிக்குள்ள முகலாயர்கள் முற்றுகையை விட்டுட்டு வந்தவாசிக்குப் போய்ச் சேர்ந்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல கட்டினது ரெண்டு மாசத்துக்குள்ள கலைஞ்சு போச்சு.

சந்தாஜியோட முறையை இன்னும் தெளிவா பார்க்கணும்னா மூணு வருஷம் தள்ளி, சித்ரதுர்க்கா பக்கத்துல தொட்டேரிக்குப் போகணும். 1695 நவம்பர். காசிம் கான்னு ஒரு பெரிய தளபதி. வழக்கப்படி தன்னோட கூடாரங்களை ஒரு நாள் முன்னாடி அனுப்பியிருந்தார். சந்தாஜி படையை மூணாப் பிரிச்சார். ஒரு பிரிவு முன்னாடி போன கூடாரங்களை அடிச்சுது. செய்தி கேட்டு முகலாயர்கள் அவசரமா அங்க ஓட, வழியில ரெண்டாவது பிரிவு மடக்குச்சு. எல்லாரும் அங்க சண்டையில இருக்கும்போது மூணாவது பிரிவு பின்னாடி விட்டுட்டு வந்த முகாமைச் சூறையாடிச்சு. தப்பிச்சவங்க தொட்டேரியோட சின்னக் கோட்டைக்குள்ள ஒண்டினாங்க. பசியில அங்கேயே அடங்கினாங்க. காசிம் கான் உயிரோட வெளிய வரலை. அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள இன்னொரு பெரிய தளபதி ஹிம்மத் கானும் சந்தாஜி படையோட நடந்த சண்டையில செத்தார். சந்தாஜி வர்றார்னு கேட்டாலே முகலாய முகாம்ல பெரிய ஆளுங்களுக்கே நடுக்கம்னு அந்தக் காலத்து முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கானே எழுதியிருக்கார். எதிரி தரப்பு ஆள் குடுக்கற சர்டிஃபிகேட்.

இந்த மூணு பிரிவைத்தான் நான் ஞாயித்துக்கிழமை மண்ணுல குச்சியால வரைஞ்சு காமிச்சேன். ஒருத்தன் டிஃபெண்டரை இழுக்கறான். ஒருத்தன் மடக்கறான். மூணாவது ஆள் யாரும் பார்க்காத பக்கம் ஓடறான். "லுக்காக்குண்ணா"ன்னான் ஒருத்தன். புரிஞ்சுருச்சு!

இப்போ ஏன் தேசிங்கு தப்பான உதாரணம்னு சொன்னேன்னா... ஊர்க்காரங்க அடிக்க வராதீங்க. நானும் தெருக்கூத்துல தேசிங்கு கதை பார்த்து அழுதவன்தான். முகலாயர்கள் செஞ்சியைப் புடிச்சதுக்கு அப்புறம் சொரூப் சிங்னு ஒரு பந்தேலாவுக்கு அதைக் குடுத்தாங்க. அவர் மகன்தான் தேஜ் சிங், நம்ம தேசிங்கு. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பாக்கி கேட்டார், தேசிங்கு முடியாதுன்னார். 1714 அக்டோபர் 3ஆம் தேதி, பல ஆயிரம் பேர் கொண்ட நவாப் படையை எதிர்த்து சில நூறு குதிரையோட பாய்ஞ்சார். கோட்டை இருக்கு, மூணு மலை இருக்கு, முன்னாடி ஏழு வருஷம் தாக்குப் பிடிச்ச சுவர் இருக்கு. அதை எல்லாம் விட்டுட்டு வெளிய வந்து, சங்கராபரணி ஆத்துப் பக்கம் திறந்த வெளியில மோதி, அன்னிக்கே உயிரை விட்டார். வீரம், சந்தேகமே இல்லை. ஆனா எதிராளி ஆள் எல்லாம் அவனவன் இடத்துல நிக்கும்போது நேரா நடுவுல ஓடினா அதுக்குப் பேரு கவுன்ட்டர் அட்டாக் இல்லை. பந்து பின்னாடியே கொத்தா ஓடின எங்க அஞ்சு பேரும் அதைத்தான் பண்ணாங்க. ஒரே நாள்ல தோத்தவருக்கு முன்னூறு வருஷமா பாட்டு இருக்கு. செஞ்சிக்கு அஞ்சு வருஷம் வாங்கிக் குடுத்தவருக்கு ஒரு தெருப் பேரு கூட நான் பார்த்ததில்லை. தேசிங்கு நம்ம ஊர்ல செத்தவர், சந்தாஜி வந்துட்டுப் போனவர். அதனாலயா இருக்கலாம்.

இதையும் சொல்லிடறேன். இதே கோட்டை ஒரே ராத்திரியில விழுந்தும் இருக்கு. 1750 செப்டம்பர்ல முகமது அலியோட படை பிரெஞ்சுக்காரங்ககிட்ட தோத்து செஞ்சிக்கு வந்து ஒண்டிச்சு. புஸ்ஸி சின்னப் படையோட துரத்திக்கிட்டு வந்தார். வந்திருக்கறது கொஞ்சம் பேர்தானேன்னு இவங்க கோட்டையை விட்டு வெளிய வந்து அடிக்கப் பார்த்தாங்க. புஸ்ஸி அதைத் தாங்கி, திருப்பி அடிச்சு, ஓடறவங்க பின்னாடியே வாசல் வரைக்கும் வந்து, கதவை வெடி வெச்சுத் தகர்த்து, விடியறதுக்குள்ள மூணு மலையையும் புடிச்சுட்டார். ஜுல்பிகாருக்கு ஏழு வருஷம் ஆன வேலை! பின்னாடி நிக்க ஒருத்தன் கூட இல்லாம எல்லாரும் முன்னாடி ஓடினா இதான் நடக்கும்டான்னு சொன்னேன். அதுக்கப்புறம் பின்னாடி நிக்கற வேலைக்கு ரெண்டு பேர் தானா முன்வந்தாங்க.

அப்போ 1698ல செஞ்சி ஏன் விழுந்துச்சு? இதைத்தான் பசங்ககிட்ட நான் சொல்லலை.

சந்தாஜி கண்டிப்பானவர். ரொம்பவே. படையில ஒழுங்கு தப்பினா தண்டனை கடுமை. ஜெயிக்க ஜெயிக்க நாக்கும் நீண்டுச்சு, ராஜாராமுக்கே மரியாதை குறைஞ்சுது. தனாஜி பேச்சுல இனிமையானவர், ஆளுங்களுக்கு அவரைப் பிடிக்கும். யார் சேனாபதின்னு ரெண்டு பேருக்கும் நடுவுல வந்த தகராறு 1696ல சண்டையாவே ஆச்சு. ராஜாராமும் தனாஜி பக்கம். நம்ம ஊர்ப் பக்கத்துல, முகலாயன் பார்த்துக்கிட்டு இருக்க, மராட்டியனும் மராட்டியனும் வெட்டிக்கிட்டாங்க. அந்த வாட்டி சந்தாஜிதான் ஜெயிச்சார். சிறை புடிச்ச அம்ருத் ராவ் நிம்பால்கரை யானைக் காலால மிதிக்க விட்டார். அடுத்த வருஷம் மகாராஷ்டிரத்துல மறுபடி மோதல் வந்தப்போ, அவர் ஆளுங்களே ஒவ்வொருத்தரா தனாஜி பக்கம் போயிட்டாங்க. கடைசியில ஏறக்குறைய தனியா ஓடிக்கிட்டு இருந்தவரை 1697 ஜூன்ல நாகோஜி மானே கொன்னார். செத்த அம்ருத் ராவோட மச்சான் அவர்.

ஔரங்கசீப்பால பத்து வருஷம் முயற்சி பண்ணியும் முடியாததை இவங்களே பண்ணிக்கிட்டாங்க.

அந்த வருஷ நவம்பர்லயே ஜுல்பிகார் முற்றுகையை முழு மூச்சா ஆரம்பிச்சார். இந்த வாட்டி காஞ்சிபுரம் பக்கம் குதிரைச் சத்தம் கேட்கலை. தாவூத் கான் பன்னி சந்திரகிரி பக்கமா ஏறினார். 1698 தொடக்கத்துல கோட்டை போச்சு. ராஜாராம் அதுக்கு முன்னாடியே வேலூர் வழியா தப்பிச்சுட்டார். குடும்பத்துல பலர் மாட்டிக்கிட்டாங்க. ஜுல்பிகார் வேணும்னே இழுத்தடிச்சார், ராஜாராம் தப்பிக்கவும் கண்ணை மூடிக்கிட்டார்னு பீம்சேன் காலத்துலேர்ந்தே பேச்சு உண்டு. எனக்கு அதுல பாதி நம்பிக்கை. ஏழு வருஷம் ஒரு க்ளையன்ட் சைட்ல சம்பளம் வந்துக்கிட்டு இருந்தா யாரு ப்ராஜெக்டை முடிப்பாங்க?

2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டியர்களோட பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. பதினொண்ணு மகாராஷ்டிரத்துல, பன்னிரண்டாவது செஞ்சி. ஊர்ல இனிப்பு குடுத்தாங்க. "மராட்டியனுக்கும் நம்ம கோட்டைக்கும் என்னடா சம்பந்தம், கட்டினது கோனாரு, பெருசாக்கினது நாயக்கரு"ன்னு எங்க பெரியப்பா சண்டைக்கு வந்தார். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு பெரியப்பா.

பசங்ககிட்ட ஏன் கடைசிப் பகுதியைச் சொல்லலைன்னா, அந்த வாரம் நான் சந்தாஜியா இருந்தேன். பயிற்சியில எட்டாவது எண்ணுல கோல்கீப்பர் பையன் பந்தைத் தப்பா உருட்டினான். அதே கேள்வி கேட்ட பையன்தான். மூணாவது தடவை. எல்லார் முன்னாடியும் "உனக்கு மண்டையில என்னதான்டா இருக்கு"ன்னு கத்திட்டேன். மைதானத்தைச் சுத்தி பத்து ரவுண்டு ஓடவும் வெச்சேன். ஓடினான். அடுத்த வாட்டி நான் ஊருக்குப் போனப்போ அவன் வரலை. அவனோட இன்னும் நாலு பேர் வரலை.

நேத்து சாயங்காலம் அவங்கப்பா காய்கறிக் கடைக்குப் போனேன். பையன் வெங்காய மூட்டை பிரிச்சுக்கிட்டு இருந்தான். என்னைப் பார்த்துட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், சுருக்கமா. அவங்கப்பா ஒண்ணும் பேசலை, ஸ்டூலை மட்டும் நகர்த்திப் போட்டார். கொஞ்ச நேரம் கழிச்சுப் பையன் கேட்டான், "அந்த சந்தாஜி கடைசியில இன்னாண்ணா ஆனான்?"

உட்கார்ந்து முழுசா சொன்னேன். கேட்டுட்டு, "தனாஜி மட்டும் அவன்கூட நின்னிருந்தா?"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான்.